நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் கசிவு நிற்குமா?

வாசகர் கேள்வி:

இரண்டு பேர் அமரும், இறக்கை கீழ்ப்பக்கம் அமைந்த விமானம் ஒன்றை கிட் வாங்கி நானே கட்டிவருகிறேன். நான்கு வருட உழைப்பு. சென்ற வாரம் முதல்முறையாக டாங்கில் ஏவ்கேஸ் (நீலச் சாயம் சேர்த்த விமானப் பெட்ரோல்) ஊற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால், எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றுகிற செலக்டர் வால்வுக்குக் கீழே நீலக் கறை. அலுமினியக் குழாயின் ஃபிளேர் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன், நின்றது. இரண்டு நாளில் மறுபடி கசிந்தது. இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. பூஸ்ட் பம்பில் (பெட்ரோலைத் தள்ளிவிடும் துணைப் பம்பு) போட்ட எல்போ, அதாவது முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு, வேறு தொல்லை தருகிறது. அது நன்றாக இறுகும் இடத்தில் வாய் தப்பான பக்கம் பார்க்கிறது. அதனால் கால் சுற்று பின்னுக்குத் திருப்பி வைத்திருக்கிறேன். எல்லா மரையிலும் டெஃப்லான் டேப் சுற்றிவிடு, பிரச்சினையே இருக்காது என்கிறார் நண்பர். சுற்றலாமா? இந்த நட்டுகளை எவ்வளவுதான் முறுக்க வேண்டும்?

பதில்:

முதலில் டாங்கைக் காலி செய்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, விமானத்தின் தரைத்தகட்டுக்கு அடியிலேயே தேங்கிக் கிடக்கும். சொட்டாமல் கறை மட்டும் விடுகிற கசிவுதானே என்று நினைக்காதீர்கள். திரவம் ஆவியாகிப் போய்விட்டதால்தான் நீலச் சாயம் மட்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

உங்கள் கேள்விகளுக்கு நேரான பதில் இது. டேப் எந்த மரையிலும் வேண்டாம். ஃபிளேர் நட்டை நான்காம் முறை முறுக்க வேண்டாம். எல்போவைக் கழற்றி, சுத்தம் செய்து, புதிதாகப் போட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் இந்த விமானத்தில் இருக்கும் மற்ற இணைப்புகளையும் நீங்களே சரிபார்த்துக்கொள்வீர்கள்.

உங்கள் கையில் இப்போது இரண்டு வகை இணைப்புகள் இருக்கின்றன. இரண்டிலும் மரை இருக்கிறது, இரண்டையும் ஸ்பேனர் போட்டுத்தான் திருகுகிறோம். ஆனால் ஒன்றில் மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிறது, இன்னொன்றில் மரையேதான் அடைக்கிறது. இந்த வித்தியாசம் மனதில் பதியாததால்தான் உங்களுக்கு இத்தனை அலைச்சல்.

ஃபிளேர் இணைப்பில் குழாயின் வாய் புனல் மாதிரி விரிந்திருக்கும். ஃபிட்டிங்கின் முனை கூம்பாக இருக்கும். புனலின் உள்பக்கம் அந்தக் கூம்பின்மேல் உட்கார வேண்டும். குழாயின் மேல் ஓடும் ஸ்லீவ் புனலைப் பின்னாலிருந்து தாங்கும், நட்டு அந்த ஸ்லீவை முன்னே தள்ளும். பெட்ரோலை நிறுத்துவது கூம்புக்கும் புனலுக்கும் நடுவே இருக்கிற அந்த ஒரே ஒரு வட்டம்தான். நட்டின் மரைக்குப் பெட்ரோல் வந்து சேர்ந்தாலே அதற்கு முன்னால் இருக்கும் அடைப்பு தவறிவிட்டது என்று அர்த்தம். அங்கே டேப் சுற்றினால் கசிவு வேறு வழி தேடிக் குழாயின் மேல்பக்கமாக, ஸ்லீவின் இடுக்கு வழியாக வரும். டேப்பின் தடிமன் நட்டையும் வழுக்கவிடும், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் நீங்கள் படிக்கிற அளவுக்கும் உள்ளே விழுகிற அழுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் போகும்.

இப்போது அந்த நட்டைக் கழற்றுங்கள். ஃபிட்டிங்கின் உடம்பை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். ஒற்றை ஸ்பேனரால் திருப்பினால் வால்வோ குழாயோ சேர்ந்து முறுகும். குழாயின் வாயை நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புனலின் உள்பக்கத்தில் கூம்பு அழுத்திய இடம் ஒரு மின்னும் வளையமாகத் தெரியும். அதுதான் அடைப்பு நடந்த இடம். வளையம் முழுச் சுற்றும் ஒரே அகலத்தில் இருந்தால் குழாய் நேராக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் மங்கியும் இருந்தால் குழாய் கோணலாக வந்து சேர்ந்திருக்கிறது. வளையத்தைக் குறுக்கே வெட்டி ஒரு கீறல் ஓடினால் பெட்ரோல் வந்த பாதை அது. வளையம் பள்ளமாகி, விளிம்பில் விரல் நகம் தட்டுகிற அளவுக்குப் படி மாதிரி ஆகியிருந்தால், அளவுக்கு மீறி முறுக்கியதன் தடம்.

மூன்று முறை முறுக்கியிருப்பதால் நீங்கள் பார்க்கப்போவது அநேகமாக அந்தக் கடைசி வகைதான். பெட்ரோல் லைனுக்கு வழக்கமாகப் போடுவது 5052-ஓ அல்லது 3003-ஓ என்ற மென்மையான அலுமினியக் குழாய், சுவர் கனம் 0.035 அங்குலம். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. ஒவ்வொரு முறை நீங்கள் அழுத்தியபோதும் அந்த மெல்லிய உலோகம் பிதுங்கி, கீறலை மூடி, கசிவை நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வழி விட்டது. அதற்குள் புனல் இன்னும் மெலிந்துவிட்டது. இப்படி மெலிந்த ஃபிளேர் தரையில் சொட்டினால் பரவாயில்லை. பறக்கும்போது அதிர்விலே ஸ்லீவின் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் விண்டு, குழாய் கழுத்தோடு தனியாக வந்துவிடுவதுதான் ஆபத்து. ஆகவே வளையம் எப்படி இருந்தாலும் அந்த முனையை வெட்டி எறிந்துவிடுங்கள். நீளம் பற்றாவிட்டால் முழுக் குழாயையும் புதிதாக வளைத்துப் போடுங்கள். குழாய் மலிவானது, அரை நாள் வேலை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் ஏசி 43.13-1பி கையேடு உங்கள் மேசையில் இருக்க வேண்டும். பழுதுபார்ப்பு முறைகளுக்கு உலகெங்கும் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் புரட்டுகிற கையேடு அது. குழாய் இணைப்பு சரியான முறுக்கில் இருந்தும் கசிந்தால் மேலும் முறுக்காதே, பிரித்துப் பார்த்துச் சரிசெய் என்பதுதான் அது சொல்லும் வழி. என் அனுபவமும் அதேதான். அழுத்தம் இருக்கும்போது நட்டில் கை வைக்கவும் கூடாது.

புது ஃபிளேர் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த கசிவுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. விமான ஃபிட்டிங்கின் கூம்பு 37 பாகை. கார் பிரேக் குழாய்க்கும் குளிர்சாதனக் குழாய்க்கும் விற்கிற கருவி 45 பாகை. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. 45 பாகையில் விரித்த குழாயை 37 பாகைக் கூம்பில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். முறுக்கினால் அப்போதைக்கு அடைக்கும், அப்புறம் உங்கள் கதைதான். உங்கள் கருவியின் உடம்பில் 37 என்று பொறித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பொறிப்பு இல்லாவிட்டால் ஒரு புதிய ஃபிட்டிங்கின் கூம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி, விரித்த குழாயை அதில் வைத்து லேசாகத் திருப்பி எடுங்கள். மை புனல் முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். விளிம்பில் மட்டும், அல்லது அடியில் மட்டும் ஒட்டியிருந்தால் கோணம் தவறு.

வெட்டும்போது குழாய் வெட்டியின் சக்கரத்தை ஒரேயடியாக இறுக்காமல், சுற்றுக்குச் சற்றே சற்றே இறுக்கி வெட்டுங்கள். அவசரப்பட்டால் வாய் உள்பக்கம் மடங்கும். வெட்டிய பின் உள்பிசிறு, வெளிப்பிசிறு இரண்டையும் எடுத்து, முனையை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, நகத்தால் தடவிப் பாருங்கள். விட்டுப்போன ஒரு சின்னப் பிசிறு விரிக்கும்போது வெடிப்பாக மாறும். நட்டையும் ஸ்லீவையும் முதலிலேயே குழாயில் ஏற்றுங்கள், அகன்ற வாய் முனையைப் பார்த்து இருக்கும்படி. இதை மறந்து அழகாக ஃபிளேர் போட்டுவிட்டு வெட்டி எறிந்தவர்களை எண்ணி மாளாது. ஸ்லீவை மட்டும் மறந்து நட்டை முடுக்கியவர்களும் உண்டு. அது முறுகும், அடைக்கிற மாதிரியும் இருக்கும், குழாயை அறுத்துவிடும். விரிக்கும் கூம்பில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

விரித்த வாயின் அளவுக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. ஸ்லீவைப் புனலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், புனலின் விளிம்பு ஸ்லீவின் உள்வாயைத் தாண்டி நன்றாகப் படர்ந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்லீவின் வெளி விளிம்பைத் தாண்டக்கூடாது. சிறியதாக இருந்தால் அழுத்தத்தில் உருவிக்கொள்ளும். பெரியதாக இருந்தால் நட்டின் மரையில் உரசி, நட்டு இறுகிவிட்டது போல நம்மை ஏமாற்றும். லென்ஸ் வைத்து விளிம்பு முழுவதும் ஒரு சுற்றுப் பாருங்கள். முடி அளவு வெடிப்பு இருந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். மீந்த குழாயில் பத்துப் பன்னிரண்டு போட்டுப் பழகிய பிறகு விமானத்தின் குழாயில் கை வையுங்கள்.

அடுத்து, குழாய் தானாக வந்து ஃபிட்டிங்கில் உட்கார வேண்டும். நட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, குழாயைக் கையை விட்டு நிற்கவைத்துப் பாருங்கள். புனல் கூம்புக்கு நேரெதிரே, இடைவெளி இல்லாமல், சாயாமல் இருந்தால் சரி. இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றால்கூட நட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்கக் கூடாது. அப்படி இழுத்தால் குழாய் நிரந்தரமாக ஒரு பக்கம் திமிறிக்கொண்டே இருக்கும், இன்ஜின் அதிர்வு அதன்மேல் சேரும். இரண்டு ஃபிட்டிங்குக்கு நடுவே குழாய் அம்பு மாதிரி நேராகவும் போகக்கூடாது. எங்காவது ஒரு வளைவாவது இருக்க வேண்டும். வெயிலில் நீளும்போதும் உடம்பு நெளியும்போதும் அந்த வளைவுதான் விட்டுக்கொடுக்கும். வளைத்த இடம் சப்பிப்போய் விட்டம் முக்கால் பங்குக்குக் கீழே குறைந்திருந்தால் அந்தக் குழாயும் உதவாது.

சரி, எவ்வளவு முறுக்குவது. கால் அங்குல அலுமினியக் குழாயின் ஃபிளேர் நட்டுக்கு 40 முதல் 65 அங்குல-பவுண்டு. 3/8 அங்குலத்துக்கு 75 முதல் 125. அரை அங்குலத்துக்கு 150 முதல் 250. நியூட்டன் மீட்டரில் சொன்னால் முதலாவது 4.5 முதல் 7.3 வரை, இரண்டாவது 8.5 முதல் 14 வரை. கவனியுங்கள், இது அங்குல-பவுண்டு. அடி-பவுண்டு ரெஞ்சில் அதே எண்ணை வைத்தால் பன்னிரண்டு மடங்கு ஆகிவிடும். அட்டவணையில் அலுமினியத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டீல் குழாய்க்கான பத்தி இருக்கும், 3/8 அங்குலத்துக்கு அங்கே 270 முதல் 300. கண் ஒரு பத்தி தவறினால் ஃபிளேர் நசுங்கிவிடும். உங்கள் கிட்டின் கையேட்டில் வேறு எண் கொடுத்திருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

நட்டைக் கடைசிவரை விரலாலேயே ஏற்றுங்கள். விரலால் ஏறாத நட்டு மரை பிடித்திருக்கிறது, அல்லது குழாய் கோணல். அந்த நிலையில் ரெஞ்சு காட்டுகிற எண் மரையின் உராய்வைக் காட்டுமே தவிர ஃபிளேரின் அழுத்தத்தைக் காட்டாது. அலுமினியத்தின் மேல் அலுமினியம் உரசினால் பற்றிக்கொள்ளும், அதனால் நட்டின் மரையிலும் ஸ்லீவின் தோளிலும் லேசாக எண்ணெயோ பெட்ரோலில் கரையாத கிரீஸோ தொட்டு வையுங்கள். ஃபிளேரின் முகத்தில் எதுவும் வேண்டாம். அது சுத்தமாக, காய்ந்து இருக்கட்டும். எட்டாத இடத்தில் ரெஞ்சின் நுனியில் காக்கைக்கால் முனை (திறந்த வாய் ஸ்பேனர் முனை) மாட்டி முறுக்குவீர்கள், அதை ரெஞ்சின் கைப்பிடிக்குச் செங்குத்தாக, 90 பாகையில் மாட்டுங்கள். நேர்க்கோட்டில் மாட்டினால் கை நீளம் கூடி, ரெஞ்சு காட்டுவதைவிட அதிகமாக முறுகும். அட்டவணையின் கீழ் எல்லையிலிருந்து தொடங்குங்கள். நல்ல ஃபிளேர் அங்கேயே அடைத்துவிடும்.

இனி எல்போ. இது வேறு உலகம். பூஸ்ட் பம்பு, செலக்டர் வால்வு, கேஸ்கோலேட்டர் (பெட்ரோல் வடிகட்டி), கார்புரேட்டர் போன்றவற்றின் வாயில் பெரும்பாலும் இருப்பது என்பிடி என்கிற சாய்வு மரை. 16 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் விட்டம் குறுகிக்கொண்டே போகும். திருகத் திருக ஆப்பு மாதிரி உள்ளே இறங்கி இறுகும். ஆனால் எவ்வளவு இறுகினாலும் மரையின் முகட்டுக்கும் அடிக்கும் நடுவே ஒரு மெல்லிய சுருள் சந்து, கோவில் பிராகாரம் மாதிரி சுற்றிச் சுற்றி, உள்ளிருந்து வெளிவரை விடுபட்டே இருக்கும். அந்தச் சந்தை நிரப்பத்தான் சீலன்ட் என்கிற அடைப்புப் பசை. இங்கே மட்டும்தான் அது வேண்டும்.

சந்தை நிரப்ப இறுக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? உள்மரை இருக்கிற பாகம் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. ஆப்பு இறங்கினால் விறகு பிளப்பது போல அது பிளக்கும். முறுக்கும்போது நின்றுகொண்டிருக்கும், பிறகு ஒருநாள் சூட்டிலும் அதிர்விலும் வாயிலிருந்து முடி மாதிரி ஒரு வெடிப்பு ஓடும். விலை உயர்ந்த வால்வுகள் இப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன். போட்டவரின் கைக்கு அப்போது எதுவும் தெரிந்திருக்காது.

ஆகவே முறை இது. பழைய சீலன்டை இரண்டு மரையிலிருந்தும் சுரண்டி, கரைப்பானில் துடைத்து எடுங்கள். துணுக்கு உள்ளே விழாமல் வாயைக் கீழ்ப்பக்கம் பார்க்க வையுங்கள். முதலில் சீலன்ட் இல்லாமல் விரலால் திருகி, எங்கே நிற்கிறது, அப்போது வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு குறி போடுங்கள். விரல் இறுக்கத்துக்குப் பின் ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று வரை போவது வழக்கமான கணக்கு. அந்த எல்லைக்குள் உங்களுக்கு வேண்டிய திசை வருமா என்று அப்போதே தெரிந்துவிடும். வராவிட்டால் இன்னொரு எல்போவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். மரை தொடங்கும் இடம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும். நான் ஒரு வாய்க்கு மூன்று எல்போ மாற்றிப் பார்த்த நாட்கள் உண்டு. அதுவும் சரிப்படாவிட்டால் 45 பாகை எல்போ போட்டுக் குழாயின் வளைவை மாற்றலாம்.

பின்னுக்குத் திருப்புவது மட்டும் கூடாது. சாய்வு மரை பின்னால் வந்த கணமே ஆப்பு தளர்ந்துவிடுகிறது, சீலன்டின் படலமும் கிழிந்துவிடுகிறது. கையால் ஆட்டினால் கெட்டியாகத்தான் தெரியும். திசை தாண்டிவிட்டால், இன்னொரு முழுச் சுற்றுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முழுவதும் கழற்றி, துடைத்து, மறுபடி பூசிப் போடுங்கள். உங்கள் பூஸ்ட் பம்பு எல்போவுக்கு இதுதான் வழி.

சீலன்டை வெளிமரையில் மட்டும் பூசுங்கள். முனையிலிருந்து முதல் ஒன்றிரண்டு மரையை வெறுமனே விட்டுவிடுங்கள், அதிகப்பட்டது உள்ளே போகாமல் வெளியே பிதுங்கும். பெர்மாடெக்ஸ் ஏவியேஷன் ஃபார்ம்-எ-கேஸ்கெட், லாக்டைட் 567 இரண்டும் விமானம் கட்டுகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது. லாக்டைட் வகை காற்று படாத இடத்தில்தான் இறுகும், குப்பியில் சொல்லியிருக்கிற நேரம் கொடுத்த பிறகே பெட்ரோல் விடுங்கள். சில பிளாஸ்டிக்குகளில் பட்டால் அவை விரிசல் விடும், ஆகவே பிளாஸ்டிக் கிண்ணமோ சென்சார் உடம்போ இருக்கும் இடத்தில் அது வேண்டாம்.

டேப் ஏன் கூடாது என்று உங்கள் நண்பர் கேட்பார். தண்ணீர்க் குழாயில் டேப்பின் துணுக்கு குழாய் முனையோடு வெளியே வந்துவிடும், யாருக்கும் நட்டமில்லை. ஒருமுறை இன்ஜின் முழு வேகத்தில் தடுமாறுகிறது என்று அழைத்தார்கள். கார்புரேட்டர் வாயில் இருக்கும் சிறு சல்லடையைக் கழற்றினேன். வெள்ளை நூல் மாதிரி நைந்த ஒரு நாடா, விரல்நீளம் இருக்கும், சல்லடையின்மேல் படுத்து மூடியிருந்தது. டேப்பை எவ்வளவு கவனமாகச் சுற்றினாலும் மரை அதை அறுத்துக்கொண்டுதான் ஏறுகிறது. அடுத்த முறை கழற்றும்போது அறுந்த துண்டு உள்ளே விழுகிறது. அது எப்போது சல்லடைக்குப் போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. என்பிடி மரையும் பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் குழாய் மரையும் சில அளவுகளில் ஒன்றுபோலத் தெரியும். 1/8 அங்குலத்தில் என்பிடிக்கு அங்குலத்துக்கு 27 மரை, பிஎஸ்பிக்கு 28. முதல் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். அழுத்த சென்சார்களில் இந்தக் குழப்பம் அதிகம், மரைமானியை வைத்து அளந்துவிட்டுப் போடுங்கள். ஓ-ரிங் வைத்து அடைக்கிற நேர்மரை ஃபிட்டிங் எங்காவது வந்தால் அங்கே சீலன்டும் வேண்டாம். ரிங்கில் எண்ணெய் தடவி, முறுக்கிக் கொள்ளாமல் உட்காரவைத்தால் போதும்.

இப்போது நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. உங்கள் விமானத்தில் இறக்கை கீழே இருக்கிறது, அதாவது இறக்கையில் இருக்கும் டாங்கு இன்ஜினைவிடத் தாழ்வாக இருக்கிறது. டாங்கிலிருந்து பூஸ்ட் பம்பு வரைக்கும், பூஸ்ட் பம்பை அணைத்தபின் இன்ஜின் பம்பு வரைக்கும்கூட, பெட்ரோலை உறிஞ்சித்தான் எடுக்கிறோம். உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு சரியில்லை என்றால் பறக்கும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சொட்டு இல்லை, கறை இல்லை, வாசனை இல்லை. பிரஷர் முள் மட்டும் துடிக்கும், அப்புறம் இன்ஜின் இருமும். செலக்டர் வால்வு இருப்பது அந்தப் பக்கத்தில்தான். டாங்கு நிறைய இருந்தபோது பெட்ரோலின் எடையே வெளியே தள்ளி உங்களுக்கு அந்த நீலக் கறையைக் காட்டியிருக்கிறது. கால் டாங்கு மட்டும் ஊற்றியிருந்தால் தரை காய்ந்தே இருந்திருக்கலாம், நீங்கள் அப்படியே பறக்கப் போயிருப்பீர்கள்.

அதனால் கறை வருகிறதா என்று பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. புது ஃபிளேரும் எல்போவும் போட்ட பிறகு, லைனில் பெட்ரோலோ ஆவியோ இல்லாதபடி காயவிட்டு, டாங்கிலிருந்து பிரித்து, ஒரு முனையை மூடி, மறுமுனையில் ரெகுலேட்டர் வைத்துச் சில பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காற்று மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவி, உடனே நகராமல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பெரிய ஓட்டை சட்டென்று குமிழும். நீங்கள் தேடுகிற ஓட்டையோ கடுகளவு நுரையை மெல்ல மெல்லக் கூட்டும். பின்பக்கம் பார்க்கச் சின்னக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். அமோனியா கலந்த துடைப்பான் திரவம் வேண்டாம், பித்தளை ஃபிட்டிங்கில் அது வெடிப்பு உண்டாக்கும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். டாங்கை இணைத்தபடி காற்று அடிப்பதாக இருந்தால் ஒரு பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. ஒரு தெளிந்த குழாயை யூ வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றிப் பக்கவாட்டில் இணைத்துவிட்டால், இரண்டு மட்டத்துக்கும் 70 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்போது அது ஒரு பிஎஸ்ஐ. டயருக்குக் காற்றடிக்கும் பம்பை நேராக மாட்டினால் டாங்கின் மூட்டுகள் கிழிந்துவிடும்.

பெட்ரோல் மறுபடி ஊற்றிய பின், ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் வெள்ளை டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைக் கட்டி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எந்தத் துண்டில் நீலம் ஏறியிருக்கிறதோ அதுதான் கசிவின் இடம். வால்வுக்கு அடியில் தெரிந்த கறை மேலே இருக்கும் வேறொரு இணைப்பிலிருந்து குழாய் வழியே வழிந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம் ஓட்டச் சோதனை. மூக்கு மேலே தூக்கிய நிலையில், ஏறும்போது இருக்கிற கோணத்தில் விமானத்தை நிறுத்தி, டாங்கில் குறைந்த அளவு பெட்ரோல் வைத்து, கார்புரேட்டர் முனையைக் கழற்றி அளவுக் குடுவையில் பிடியுங்கள். பம்பு வைத்த அமைப்பில், இன்ஜின் முழு விசையில் குடிப்பதைப் போல 125 சதவிகிதம் வர வேண்டும். மணிக்கு 50 லிட்டர் குடிக்கிற இன்ஜின் என்றால் 62.5 லிட்டர், நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுமேல். குடுவையில் வருகிற ஓட்டத்தில் குமிழ்கள் தெரிந்தால் உறிஞ்சும் பக்கம் இன்னும் காற்று பிடிக்கிறது.

நீங்கள் கேட்காத இரண்டு இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரேக் லைனிலும் இதே ஃபிளேர், இதே முறுக்கு அளவுதான். ஆனால் விமான பிரேக்கில் ஊற்றும் மில்-ஹெச்-5606 என்கிற சிவப்பு எண்ணெய்க்கான சீல்கள் கார் பிரேக் திரவத்தில் ஊதிக் கெட்டுவிடும், மாற்றி ஊற்றிவிடாதீர்கள். ஃபயர்வாலுக்கு (இன்ஜின் அறையைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) முன்னே, இன்ஜின் பக்கத்தில், ஆயில் பிரஷர் சென்சாரைப் பித்தளை எல்போவில் தொங்கவிட்டு நேராக இன்ஜினில் திருகியிருந்தால் இன்றே மாற்றுங்கள். சென்சாரின் எடை அதிர்ந்து அதிர்ந்து பித்தளையின் கழுத்தை ஒடித்துவிடும். ஸ்டீல் ஃபிட்டிங், நெகிழும் ஹோஸ், சென்சார் ஃபயர்வாலில். அந்த ஸ்டீல் ஃபிட்டிங்கில் மெல்லிய துளை மட்டும் உள்ள வகையைப் போட்டால் ஹோஸ் அறுந்தாலும் ஆயில் மெதுவாகத்தான் போகும்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் அப்போதே, அடுத்த நட்டைத் தொடுவதற்கு முன்னால், நட்டிலிருந்து ஃபிட்டிங் உடம்புவரை ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். கோடு இல்லாத நட்டு விரல் இறுக்கத்தில் நிற்கிற நட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விமானத்தில் ஏறும்போதெல்லாம் இன்ஜின் தடுமாறியதற்குக் காரணம் தேடி மூன்று நாள் அலைந்தோம். கடைசியில் இருக்கைக்கு அடியில், பேனலுக்குப் பின்னால், கோடு இல்லாமல் ஒரே ஒரு நட்டு இருந்தது. விரலால் திருப்பினால் திரும்பியது. கட்டியவர் கவனமானவர், யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், எழுந்து போய்விட்டு வந்து அடுத்த நட்டைத் தொடங்கியிருக்கிறார்.

முதல் பத்து மணி நேரம் பறந்த பிறகு தரைப்பேனல்களைத் திறந்து கோடுகளையெல்லாம் ஒருமுறை பாருங்கள். கோடு விலகியிருந்தால் முறுக்காமல் முதலில் பிரித்துப் பாருங்கள்.

இந்த வாரம் அந்த ஃபிளேரைக் கழற்றியதும் உள்ளே அந்த மின்னும் வளையம் எப்படி இருந்தது, உங்கள் கருவியில் 37 என்று இருந்ததா, இந்த இரண்டையும் எனக்கு எழுதுங்கள். கருவி 45 பாகை என்று தெரியவந்தால், அதே கருவியால் போட்ட மற்ற எல்லாக் குழாய்களையும் மாற்றும்வரை டாங்கில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம்.